ஓய்வுக்குப் பின் பணி

இன்றைய பேச்சின் பொருளைக் கேட்டதும், பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நேயர்கள் சிலர், "இது நமக்கு உரியதன்று, தாத்தாக்களுக்கு உரியது" என்று எண்ணி எழுந்து போக நினைத்திருக்கலாம். சற்றுப் பொறுத்திருந்து கேட்குமாறு வேண்டுகிறேன். உத்தியோகத்தில் இன்னும் நுழையாத உங்களிடம் உத்தியோகத்தை விட்டு வெளியேறுவதைப் பற்றிப் பேசுவது, வாசலில் நிற்பவரிடம் கொல்லைக் கதவைப் பற்றிச் சொல்வது போலத்தான் தோன்றும். ஆனால், ஒரு வீட்டில் குடியேறும் முன்பே அதன் கொல்லைக் கதவு எங்கே இருக்கிறது, அதற்கு அப்பால் இருப்பது தோட்டமா, புதரா என்று பார்த்து வைப்பது புத்திசாலித்தனம் அன்றோ?

நான் ஓர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். ஓய்வு பெறப் போகிறவர்களின் பணிப்பதிவேட்டைச் சரிபார்த்து, தகுதியுள்ள பணிக்காலத்தைக் கணக்கிட்டு, ஓய்வூதியத்துக்கும் பணிக்கொடைக்கும் வேண்டிய தாள்களைத் தயாரித்து அனுப்புவது என் வேலையில் ஒரு பெரும் பகுதி. அந்தத் தாள்களில் கையெழுத்து வாங்கும் வேளையில், "இனி என்ன செய்வதாக உத்தேசம்?" என்று ஒவ்வொருவரையும் கேட்பது என் வழக்கம். பல ஆண்டுகளாக எனக்குக் கிடைத்த விடைகளிலிருந்து நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு வரலாறு. குறிப்பிட்ட ஒரு வயதில் மனிதன் வேலையை விட்டு விலக வேண்டும் என்னும் ஏற்பாடு மிகப் பழமையானதன்று. உழவனுக்கு ஓய்வு வயது கிடையாது. தறியில் அமர்ந்த நெசவாளி, கண் மங்கிக் கை தளரும்வரை நெய்தான். பிறகு நூல் சுற்றினான். அதுவும் இயலாதபோது பேரனுக்குப் பாவு போடும் முறையைச் சொல்லிக் கொடுத்தான். வேலை மெல்ல மெல்லக் குறைந்ததே ஒழிய, ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு அறுந்து விழவில்லை.

ஆலைகளும் அலுவலகங்களும் பெருகிய பின்பே ஓய்வு வயது என்பது பிறந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சித் தலைவராக இருந்த காலத்தில், 1889ஆம் ஆண்டு, முதியோர் ஓய்வூதியச் சட்டம் ஒன்று நிறைவேறியது. தொழிலாளியும் முதலாளியும் பணம் செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்த்தது. அப்பொழுது குறித்த வயது 70. 1916ஆம் ஆண்டில் அது 65 ஆகக் குறைந்தது. நம் நாட்டில் மத்திய அரசு ஊழியர்க்கு 55 என்று இருந்த வயது 1962ஆம் ஆண்டில் 58 ஆயிற்று. 1998ஆம் ஆண்டில் 60 ஆயிற்று. தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு நெடுநாள் 58 ஆக இருந்தது 2020ஆம் ஆண்டில் 59 என்றும், 2021ஆம் ஆண்டில் 60 என்றும் உயர்ந்தது. வேறு சில நாடுகள் மற்றொரு வழியில் சென்றன. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பெரும்பாலான வேலைகளில் வயதை மட்டும் காரணம் காட்டி ஒருவரைக் கட்டாயமாக அனுப்ப முடியாது. பிரிட்டனில் 65 வயதில் ஓய்வு கொடுக்கும் பொது விதி 2011ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

இந்த எண்களை நான் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. ஓய்வு வயது என்பது மனித உடலில் எழுதப்பட்டிருக்கும் எண் அன்று. அரசாணையில் எழுதப்படும் எண். நேற்று 58 வயதில் முதியவர் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட மனிதர், இன்று அதே வயதில் கோப்பில் கையெழுத்திட்டுக் கொண்டிருக்கிறார். நம் நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். இப்பொழுது ஏறத்தாழ 70 ஆண்டுகள். குழந்தைப் பருவத்து மரணங்கள் குறைந்ததே இந்த உயர்வுக்குப் பெருங்காரணம் என்பது உண்மை. எனினும், இந்நாளில் 60 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். பதினெட்டு ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும் காலம் அது. அத்தனை நீண்ட காலத்தை என்ன செய்வது என்பது சிறிய கேள்வியா?

"இனி என்ன செய்வதாக உத்தேசம்?" என்ற என் கேள்விக்கு வந்த விடைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர், "போதும் ஐயா, உழைத்தது போதும். ஊருக்குப் போய்க் கோயில் குளம் என்று இருக்கப் போகிறேன்" என்பார்கள். இவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் காலை வண்டியைப் பிடிக்க ஓடியவர், இனி ஓடமாட்டேன் என்றால் அது அவர் சம்பாதித்த உரிமை.

இரண்டாம் வகையினர், "பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. எங்கேயாவது வேலை பார்த்துத்தான் ஆகவேண்டும்" என்பார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு வாட்டம் தெரியும்.

மூன்றாம் வகையினர் மிகச் சிலர். "நான் செய்ய நினைத்துச் செய்யாமல் வைத்திருக்கும் காரியம் ஒன்று இருக்கிறது, அதைத் தொடங்கப் போகிறேன்" என்பார்கள்.

நான்காம் வகையினரோ ஒன்றும் சொல்லமாட்டார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே அவர்களுக்கு அன்றுதான் தோன்றியிருக்கும். எண்ணிக்கையில் இவர்களே மிகுதி.

இந்த நால்வருள் முதல்வரை அவர் ஓய்வில் விட்டுவிட்டு, மற்ற மூவரைப் பற்றிச் சிந்திப்போம்.

இரண்டாமவருடைய நிலை தனிமனிதரின் கவலை மட்டும் அன்று. அது சமூகத்தின் கணக்கு. அரசு உத்தியோகத்தில் இருந்தவருக்காவது ஓய்வூதியம் என்று ஒன்று வந்துகொண்டிருந்தது. அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீடிக்கவில்லை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலிலும் மத்திய அரசில் 2004 ஜனவரியிலும் தொடங்கிப் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள், கடைசிச் சம்பளத்தில் பாதி என்று உறுதி கூறிய பழைய திட்டத்துக்குள் சேர்க்கப்படவில்லை. ஊழியரும் அரசும் மாதந்தோறும் பணம் செலுத்தும் பங்களிப்புத் திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டார்கள்.

தனியார் நிறுவனங்களில் உழைத்தவரின் கணக்கை ஓர் எளிய உதாரணத்தால் விளக்குகிறேன். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, ஓய்வூதியத்துக்கு உரிய ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். அவ்வாறு கணக்கில் கொள்ளும் ஊதியத்துக்கு 2014ஆம் ஆண்டில் நிர்ணயித்த உச்ச வரம்பு 15,000 ரூபாய். அந்த வரம்பின்கீழ் முழுமையாகப் 14 ஆண்டுகள் உழைத்த ஒருவருக்கு என்ன கிடைக்கும்? பெருக்கி வகுத்துப் பாருங்கள்: மாதம் 3,000 ரூபாய். மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு இது அரிசிக்கும் மருந்துக்கும் போதுமா என்பதை உங்கள் அன்னையிடம் கேளுங்கள். அதே 2014ஆம் ஆண்டில் இத்திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியமாக நிர்ணயிக்கப்பட்ட தொகை 1,000 ரூபாய்.

இவர்களுக்கும் கீழே, எந்தத் திட்டத்திலும் பெயர் இல்லாத கோடிக்கணக்கானோர் இருக்கின்றனர். கொத்தனார், சித்தாள், வயலில் நாற்று நடும் பெண், வீட்டு வேலை செய்யும் அம்மாள் ஆகியோருக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று நாட்காட்டியில் கிடையாது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் இந்திய முதியோரைப் பற்றி நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பது தெரிய வந்தது. இவர்களுள் பெரும்பாலோர் உழைப்பின் இன்பத்துக்காக வெயிலில் நிற்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் வாசலில், உடம்புக்குப் பொருந்தாத காவலாளிச் சட்டையுடன் நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "இந்த வயதிலும் எவ்வளவு சுறுசுறுப்பு!" என்று அவரைப் புகழ்வது எளிது. அவருக்கு வேண்டியது புகழ் அன்று. விரும்பினால் உறங்கப் போகலாம் என்னும் நிலைமை. ஆகவே, ஓய்வுக்குப் பின்னும் உழைப்பது நல்லது என்று நாம் பேசத் தொடங்கும்போதே ஒன்றை நினைவில் நிறுத்த வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வழியுள்ளவர் செய்யும் வேலைக்கும், வழியற்றவர் செய்யும் வேலைக்கும் பெயர் ஒன்றே ஆயினும் பொருள் ஒன்றன்று.

இனி, விரும்பி உழைக்க நினைப்பவர்களைப் பார்ப்போம். முதியவரால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. நடை தளரும், கண் மங்கும், புதியது மண்டையில் ஏறாது என்பார்கள். நடையும் கண்ணும் தளர்வது உண்மையே. ஆனால், தளர்வது ஆளா, அல்லது ஆளுக்குப் பொருந்தாத இடமா என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்னும் ஊரில் பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் கார்த் தொழிற்சாலை இருக்கிறது. இன்னும் பத்தாண்டுகளில் தங்கள் தொழிலாளர்களின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்கிட்ட நிர்வாகிகள், 2007ஆம் ஆண்டிலேயே ஒரு பிரிவில் அதே சராசரி வயது வருமாறு ஆட்களை அமர்த்திப் பார்த்தார்கள். என்ன மாற்றம் வேண்டும் என்று தொழிலாளர்களையே கேட்டார்கள். சிமெண்டுத் தரைக்குப் பதிலாக மரத்தரை, கால் வலிப்போர் அமர நாற்காலி, சிறு பாகங்களைப் பார்க்கப் பூதக்கண்ணாடி, உயரத்தை ஏற்றி இறக்கும் மேசை, வேலையை மாற்றி மாற்றிச் செய்யும் முறை என்று சுமார் 70 சிறு மாற்றங்கள் செய்தார்கள். ஓராண்டுக்குள் அந்தப் பிரிவின் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது. இளைஞர் பிரிவுகளுக்கு அது சமமாயிற்று. இதற்கு ஆன செலவு, அத்தகைய பெரிய தொழிற்சாலைக்கு ஒரு பொருட்டே அன்று. ஒரு நாற்காலியும் ஒரு பூதக்கண்ணாடியும் இல்லாத காரணத்தால், எத்தனை கைகளை நாம் பயனற்றவை என்று ஒதுக்கியிருப்போம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஜப்பான் நாடு வேறொரு வழியைக் கண்டது. அங்கே முதியோர் தொகை மிகுதி. 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, விரும்பும் ஊழியர்க்கு 65 வயதுவரை வேலை தரும் ஏற்பாட்டை முதலாளிகள் செய்தாக வேண்டும். 2021ஆம் ஆண்டிலிருந்து 70 வயதுவரை முயல வேண்டும் என்றும் ஆயிற்று. இது ஒருபுறம் இருக்க, 1970களில் டோக்கியோவில் தோன்றி நாடெங்கும் பரவிய முதியோர் பணி மையங்களே என் மனத்தைக் கவர்ந்தவை. 60 வயது கடந்தவர் தம் ஊரிலுள்ள மையத்தில் பெயரைப் பதிந்துகொள்கிறார். தோட்டத்து மரங்களைச் சீர்செய்தல், பூங்காவைப் பராமரித்தல், கதவுகளுக்குக் காகிதம் ஒட்டுதல், உறைகளில் அழகாக முகவரி எழுதுதல் போன்ற சிறு வேலைகள் மையத்தின் வழியாக வருகின்றன. வாரத்தில் சில நாட்கள், சில மணி நேரம். அதற்குரிய பங்குத் தொகை. வேலையையும் முழுவதும் விடவில்லை. ஓய்வையும் முழுவதும் இழக்கவில்லை. நம் நெசவாளி மெல்ல மெல்ல வேலையைக் குறைத்துக்கொண்டதை இந்த ஏற்பாடு எனக்கு நினைவூட்டுகிறது.

இத்தருணத்தில் உங்களுள் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி ஐயா, முதியவர்கள் வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் எங்களுக்கு வேலை எங்கே?" என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டில் கேரள அரசு பொதுத்துறை நிறுவனங்களில் ஓய்வு வயதை 60 என்று ஒரே சீராக ஆக்க ஆணையிட்டது. இளைஞர் அமைப்புகள் எதிர்த்தன. ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டில் வயது உயர்ந்தபோதும், வேலைக்குக் காத்திருந்தவர்கள் வருந்தினார்கள்.

இக்கேள்விக்கு விடை காண, இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். பதவி என்பது ஒன்று; பணி என்பது மற்றொன்று. ஓர் அலுவலகத்தில் அனுமதித்த பதவிகள் நூறு என்றால், நூறு பேரே அமர முடியும். எழ வேண்டியவர் எழாவிட்டால், நிற்பவர் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். அந்த அளவில் இளைஞரின் முறையீடு முழுவதும் உண்மை. ஆனால், ஒரு நாட்டில் செய்ய வேண்டிய பணி நூறு நாற்காலிகளுக்குள் அடங்குவதன்று. படிக்கத் தெரியாத குழந்தைகள் இருக்கும்வரை கற்பிக்கும் பணி தீரவில்லை. பராமரிக்க ஆளில்லாத ஏரிகள் இருக்கும்வரை பொறியியல் அறிந்தவருக்குப் பணி தீரவில்லை. ஒருவர் உழைத்துப் பெறும் வருவாயை அவர் செலவிடும்போது அது மற்றொருவருக்கு வேலையாக மாறுகிறது. நாட்டின் மொத்த வேலையை ஒரே அளவுள்ள பானைச் சோறாகக் கருதி, ஒருவர் உண்டால் மற்றவருக்குக் குறையும் என்று எண்ணுவது பொருளாதார நூலார் ஒப்பாத கணக்கு.

எனினும், மற்றோர் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் பெறும் ஒருவர், "எனக்குப் பாதிச் சம்பளம் போதும்" என்று பழைய வேலையையே ஒப்பந்த முறையில் ஏற்றுக்கொண்டால், அந்த வேலைக்கு முழுச் சம்பளம் கேட்கும் இளைஞர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். முதியவரின் தாராளம் இளைஞரின் வயிற்றில் அடியாக முடியும். ஆகவே, ஓய்வுக்குப் பின் உழைக்க விரும்புவோர் தமக்குத் தாமே ஒரு விதி வகுத்துக்கொள்ள வேண்டும்: நாற்காலியை விட்டுவிடு, வித்தையை விட்டுவிடாதே.

இந்த விதிக்கு நம் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 1903ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1919ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 64. அவர் விட்டுச் சென்ற நாற்காலியில் வேறு ஆசிரியர் அமர்ந்தார். ஆனால், ஏடு தேடும் பணி நின்றதா? ஓய்வு பெற்ற பின் 1924ஆம் ஆண்டில் பெருங்கதையை வெளியிட்டார். அதே ஆண்டிலிருந்து 1927வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1937ஆம் ஆண்டில், 82ஆம் வயதில், குறுந்தொகையைத் தம் உரையுடன் பதிப்பித்தார். 1940 தொடங்கித் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதி வந்தார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அந்த வரலாறு முற்றுப் பெறாமல் நின்றது. 64 வயதில் பணியும் முடிந்தது என்று அவர் ஈசிச்சேரில் சாய்ந்திருந்தால், நம் பாடப்புத்தகங்கள் எவ்வளவு மெலிந்திருக்கும்! அவர் எவருடைய வேலையையும் பறிக்கவில்லை. அந்த வேலையை அவ்வாறு செய்ய வேறு ஒருவர் இருக்கவும் இல்லை.

நம் காலத்தில் டாக்டர் வி. சாந்தாவைச் சொல்லலாம். 1955ஆம் ஆண்டில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இளம் மருத்துவராகச் சேர்ந்த அவர், 1980 முதல் 1997வரை அதன் இயக்குநராக இருந்தார். இயக்குநர் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்த பின்னும் மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்து, நோயாளருக்கும் நிறுவனத்துக்கும் உழைத்து, 2021 ஜனவரியில் 93ஆம் வயதில் மறைந்தார்.

இவர்கள் மேதைகள், சாதாரண மனிதருக்கு இது பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். சாதாரண மனிதர் ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். எங்கள் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவர் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஒரு தணிக்கையாளரிடம் கணக்கு எழுதச் சேர்ந்தார். அந்தத் தணிக்கையாளருக்கு வயது முப்பதுக்குள். முன்பு இருபது பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னவரை இப்பொழுது ஓர் இளைஞர், "சார், இதை மறுபடியும் போடுங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார். கணிப்பொறியில் கட்டம் கட்டமாகக் கணக்கு எழுதும் முறையும் அவருக்குப் புதிது. அங்கே வேலை பயில வந்த கல்லூரி மாணவர் ஒருவர் அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தார். அதற்கு ஈடாக, ஒரு ரசீதைக் கையில் வாங்கியவுடனே அதில் எது பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கும் கலையை அவர் அந்த மாணவருக்குக் கற்றுக்கொடுத்தார். ஆறு மாதத்துக்குப் பின் அவரைக் கண்டபோது, "நாற்காலி சின்னது ஐயா, ஆனால் முதுகு வலி இல்லை" என்றார். அவர் சொன்னது முதுகைப் பற்றி மட்டும் அன்று என்று நான் புரிந்துகொண்டேன்.

அவர் வெற்றி பெற்றதற்குக் காரணம் முன்னேற்பாடு. ஓய்வு பெறுவதற்கு ஐந்தாண்டு முன்பே கடனை அடைத்துவிட்டார். தினமும் நடந்து உடம்பைக் காத்துக்கொண்டார். எந்த வேலை தமக்குப் பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரிந்து வைத்திருந்தார். எல்லாவற்றிலும் மேலாக, இளையவரிடம் கட்டளை பெறுவதற்குத் தம் மனத்தைப் பழக்கியிருந்தார். பணம், உடல், வித்தை, மனம் என்ற இந்த நான்கையும் கடைசி மாதத்தில் தேடிக்கொள்ள முடியாது. பணிக்கொடைக் காசோலை கைக்கு வந்த பிறகு திட்டமிடத் தொடங்குகிறவர், திருவிழா முடிந்த பிறகு தேருக்கு வடம் திரிக்கிறவர் ஆவார். நான் முதலில் குறிப்பிட்ட நான்காம் வகையினரின் மௌனத்துக்கு இதுவே காரணம். பதவியைத் தவிர வேறொன்றையும் அவர்கள் தமக்கென்று சேர்த்து வைக்கவில்லை. பெயர்ப்பலகையைக் கழற்றியதும், உள்ளே யார் இருக்கிறார் என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

பேச்சை முடிக்கும் முன், ஓய்வூதியக் கணக்குகள் எவற்றிலும் இடம்பெறாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுத் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று உறவினரெல்லாம் மாலை போட்டு விருந்து உண்ணுகிறார்கள். அந்த விருந்தைச் சமைத்தவர் யார்? அவருடைய மனைவி. அந்த அம்மையாருக்கு ஓய்வு வயது எது? அதுவரை காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் வெளியே சென்றவர், மறுநாள் முதல் பதினொரு மணிக்கு ஒரு காப்பி, மூன்று மணிக்கு ஒரு காப்பி என்று வீட்டிலேயே அமர்ந்துவிடுகிறார். கணவரின் வேலை குறைந்த அன்றே மனைவியின் வேலை கூடுகிறது. ஓய்வுக்குப் பின் பணியைத் தேடும் ஆடவர், வேறெங்கும் போகும் முன் தம் வீட்டு அடுக்களையை ஒரு முறை எட்டிப் பார்த்தால், அங்கே நெடுநாளாக ஓர் ஆள் குறைவாக இருப்பதைக் காண்பார்கள். அந்தப் பணிக்கு விண்ணப்பம் தேவையில்லை.

மாணவ நேயர்களே, உங்களிடம் நான் வேண்டுவன இரண்டு. முதலாவது, உங்கள் வீட்டில் ஓய்வு பெற்றவர் இருந்தால், பால் வாங்கவும் மின்சாரக் கட்டணம் கட்டவும் மட்டும் அவர் இருக்கிறார் என்று எண்ணாதீர்கள். அவர் முப்பது ஆண்டுகளாகச் செய்த தொழிலைப் பற்றி ஒரு மணி நேரம் கேளுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஏதாவது ஒன்று அவரிடம் இருக்கும். கேட்க ஆளில்லாமல் அது அவரோடு போய்விட்டால், இழப்பு அவருக்கு மட்டும் அன்று, உங்களுக்குந்தான்.

இரண்டாவது, நீங்கள் உத்தியோகத்தில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கும் நாளிலேயே இரண்டு சேமிப்புகளைத் தொடங்குங்கள். ஒன்று பணம், சிறிதாக இருந்தாலும் தவறாமல் சேர்த்து வாருங்கள். மற்றொன்று, சம்பளம் இல்லாவிட்டாலும் செய்ய விரும்பும் ஒரு வித்தை. முதல் சேமிப்பு இருந்தால், பிற்காலத்தில் வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டாவது இருந்தால், வேண்டிய வேலையை விரும்பிச் செய்யலாம். முதுமையில் உழைப்பதா, ஓய்வதா என்பதை வறுமையோ வெறுமையோ முடிவு செய்யக்கூடாது. மனிதரே முடிவு செய்ய வேண்டும். அந்த உரிமை ஒரு சிலருக்கு மட்டும் இல்லாமல், கட்டிடத்து வாசலில் இரவெல்லாம் விழித்திருக்கும் அந்தக் காவலாளிக்கும் கிடைக்கும்படி செய்வது, நாளை இந்நாட்டின் நாற்காலிகளில் அமரப் போகும் உங்கள் பொறுப்பு.